சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தம்பதியர்

புற்றுநோய் என்று தெரிய வந்த நாளில் ஊரே வீட்டுக்கு வருகின்றது. அன்பியக் குழு செபமாலை சொல்கின்றது. இளைஞர் மன்றம் பணம் சேர்க்கின்றது. பங்குத்தந்தை நற்கருணை கொண்டு செல்கின்றார். ஆனால் சத்திரசிகிச்சையும், மருந்தேற்றுவதும், எம் மக்கள் 'கரண்ட் பிடிப்பது' என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, "இனி மூன்று மாதத்திற்கு ஒரு தடவை வந்தால் போதும்" என்று வைத்தியர் அனுப்பிவிட்ட பிறகு, அந்த வீட்டுப் படலையை யாரும் திறப்பதில்லை. சுகமாகிவிட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொள்கின்றனர். கணவனும் மனைவியும் மட்டுமே அப்படி எண்ணுவதில்லை. அவர்களுடைய அந்தக் காலத்தைப் பற்றியே இம்முறை எழுதுகின்றோம்.

எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. நாலந்தாப் பக்கத்தில் ஒரு குடும்பம் உண்டு. பெயரையும் ஊரையும் எழுதவில்லை. வாசகர்கள் ஊகிக்கவும் வேண்டாம். மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள் அல்லவா? அதற்கு முன் வீட்டையும் வயலையும் விட்டு எழும்பிய குடும்பங்களில் அதுவும் ஒன்று. இப்போது குத்தகைக் காணியில் பெரிய வெங்காயம் செய்கின்றனர். மனைவி மார்பில் ஒரு கட்டியைக் கண்டபோது வெங்காயம் பிடுங்கும் காலம். "இது முடியட்டும்" என்று இருந்துவிட்டார். பின்னர் ஒரு மார்பை அகற்ற வேண்டியதாயிற்று. தம்புள்ளையிலிருந்து வரும் பஸ்ஸில் விடியற்காலையில் ஏறிக் கண்டி வைத்தியசாலைக்குப் போய், இரவானதும் திரும்பிய நாட்கள் எத்தனை என்று கணவருக்கே கணக்கில்லை.

எல்லாம் முடிந்து சில வாரங்களின் பின் நாம் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தோம். தேநீர் தந்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "சுவாமி, நன்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்க ஆசை. ஆனால் கொடுத்த பிறகு வருத்தம் திரும்பி வந்தால், அந்தோனியாருக்குத்தானே வெட்கம்? கொஞ்சம் பொறுத்துப் பார்த்துக் கொடுப்பமா?"

கணவர் வெளியே திண்ணையில் இருந்தார். கேட்டும் கேளாதவர் போல மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்தார். அன்று எம்மால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. "எல்லாம் ஆண்டவர் சித்தம், அம்மா" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டோம். அது பதிலல்ல. நாம் தப்பிக்கொள்ள ஒரு வழி மட்டுமே. குருக்களாகிய எம்மிடம் இந்தப் பழக்கம் அதிகம்.

காத்திருப்பது எப்படிப்பட்டது

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தது என்றால் நோய் முற்றாகப் போய்விட்டது என்று வைத்தியர் எழுதித் தருவதில்லை. கண்ணுக்கும் சோதனைக்கும் அகப்படும் அளவில் இப்போது இல்லை என்றுதான் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத கலங்கள் எங்கேனும் தங்கியிருக்கலாம் என்பதற்காகவே தொடர்ந்து கிளினிக்குக்கு அழைக்கின்றனர். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒரு தடவையும், பின்னர் ஆறு மாதத்திற்கு ஒரு தடவையும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு தடவையும் போகவேண்டும். இடையில் ஒரு முதுகுவலி வந்தாலும், இருமல் நீண்டாலும் மனம் அங்கேதான் ஓடும். முன்பெல்லாம் குனிந்து நாற்று நட்டதால் வந்த முதுகுவலி, இப்போது வேறு பொருள் கொண்டுவிடுகின்றது.

எமது வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்றே நினைக்கின்றோம். முகாமிலிருந்தோ பழைய ஊரிலிருந்தோ வந்து, புதிய இடத்தில் வீட்டைக் கட்டி முடித்த பின்னும் "இங்கேயாவது இருக்க விடுவார்களா?" என்று காணி அனுமதிப்பத்திரத்தை இரவில் எடுத்துப் பார்த்தவர்கள் நீங்கள். கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான்.

இவ்வாறு காத்திருந்த ஒரு கிறிஸ்தவத் தம்பதியரைப் பற்றி நாம் குருமடத்தில் படித்தோம். கணவர் இங்கிலாந்தின் பெயர்பெற்ற எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். மனைவி ஜோய் டேவிட்மன், அமெரிக்காவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் இல்லை என்று வாழ்ந்து, பின்னர் கிறிஸ்தவரானவர். இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய். 1956 ஏப்ரலில் ஒக்ஸ்போர்டில் பதிவுத் திருமணம் செய்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் ஜோய் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சோதித்தபோது எலும்பைப் புற்றுநோய் அரித்திருந்தது. மார்பிலும் கட்டி இருந்தது. பிழைக்க மாட்டார் என்ற நிலையில், 1957 மார்ச் 21 ஆம் திகதி, வைத்தியசாலைக் கட்டிலருகே பீற்றர் பைட் என்ற அங்கிலிக்கன் குரு அவர்களுக்குத் திருச்சபை முறைப்படி திருமணம் நடத்தி, நோயாளியின் தலைமேல் கைவைத்துச் செபித்தார். இறப்பதற்கென்று வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜோய் இறக்கவில்லை. அந்த ஆண்டு முடியுமுன் எலும்பு பொருந்தத் தொடங்கி, ஊன்றுகோலுடன் நடந்தார். மறு ஆண்டு இருவரும் அயர்லாந்துக்குப் போய்வந்தனர்.

இது அற்புதமா? ஊர் ஆலயமாயின் அடுத்த ஞாயிறே பிரசங்கத்தில் சொல்லியிருப்போம். லூயிஸ் அவ்வளவு அவசரப்படவில்லை. செபத்தின் பயனைப் பற்றி 1959 இல் எழுதிய கட்டுரையொன்றில் பெயர் சொல்லாமல் இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டு, இதைச் செபத்தின் பலனுக்கு மறுக்க முடியாத நிரூபணமாகக் கொள்ள இயலாது என்று வெளிப்படையாகவே எழுதினார். கதிர்ச் சிகிச்சையும் நடந்திருந்தது, செபமும் நடந்திருந்தது. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை உயர்த்த அவர் முயலவில்லை. நன்றி சொல்வதையும் ஒத்திவைக்கவில்லை.

1959 ஒக்டோபரில் வழக்கமான சோதனைக்குப் போனபோது நோய் திரும்பியிருந்தது. அதன் பின்னும், 1960 ஏப்ரலில், ஜோய் நெடுநாளாக ஆசைப்பட்ட கிரேக்க நாட்டுக்கு இருவரும் சென்றனர். அவ்வாண்டு ஜூலை 13 ஆம் திகதி அவர் இறந்தார். 1940 இல் துன்பத்தைப் பற்றி அறிவுபூர்வமாக ஒரு நூல் எழுதியிருந்த லூயிஸ், மனைவி இறந்த பின் எழுதிய குறிப்புகளில் கடவுளோடு சண்டையே பிடித்தார். 1961 இல் அவை நூலாக வந்தபோது தம் பெயரைக்கூடப் போடாமல் புனைபெயரில் வெளியிட்டார். ஆயினும் இறுதிவரை விசுவாசத்தில்தான் இருந்தார்.

இதை எழுதுவதால் சிலருக்குப் பயம் வரக்கூடும். பயமுறுத்துவது எமது நோக்கமன்று. இன்று மார்புப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பலர் நீண்ட காலம் வாழ்கின்றனர். 1950களில் இருந்த நிலை இன்று இல்லை. நாம் காட்ட விரும்பியது அந்த இடைப்பட்ட மூன்று ஆண்டுகளை. திரும்பி வருமா வராதா என்று தெரியாமலே அவர்கள் சிரித்தார்கள், பயணம் போனார்கள், வீட்டைத் திருத்தினார்கள். நோய் திரும்பி வந்தது என்பதற்காக அந்த ஆண்டுகள் பொய்யாகிவிடவில்லை.

மாத்திரையும் நேர்ச்சையும்

நாலந்தாத் தம்பதியரிடம் திரும்பி வருவோம். கணவர் ஒரு நேர்ச்சை வைத்திருந்தார்: மனைவிக்குச் சுகம் வந்தால் வஹகோட்டை அந்தோனியார் ஆலயத்துக்கு இருவருமாக நடந்தே வருவதாக. கண்டி மன்னர் காலத்திலிருந்து கத்தோலிக்கர் வாழ்ந்துவரும் அவ்வூரை மாத்தளை மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. ஜூன் மாதத் திருவிழாவுக்கு ஏனைய மதத்தவரும் வருவார்கள். நேர்ச்சையில் குறையில்லை. ஆனால் இடையில் ஒருவர் வீட்டுக்கு வந்து, குணமளிக்கும் கூட்டமொன்றுக்கு அந்த அம்மாவை அழைத்துச் சென்றார். "இன்னும் மாத்திரை விழுங்குகிறீர்கள் என்றால் கர்த்தர் தந்த சுகத்தை நம்பவில்லை என்றுதான் அர்த்தம்" என்று அங்கே சொல்லப்பட்டதாம். ஒரு நாள் அரிசிப் பெட்டிக்குள் கை விட்ட கணவரிடம் மாத்திரை அட்டைகள் அப்படியே முழுதாக அகப்பட்டன. இரண்டு மாதத்து மாத்திரைகள்.

அன்று அவ்வீட்டில் நடந்த சண்டை பக்கத்து வளவுக்கும் கேட்டது. கணவர் சொன்னது எமக்குப் பின்னர் தெரியவந்தது: "நீ செபம் பண்ணு, வேண்டாமென்று சொல்லேல்லை. நான் பஸ் பிடிச்சதெல்லாம் செபம் இல்லையோ?"

இந்த வார்த்தையை நாம் பல நாள் யோசித்தோம். ஒரு வீட்டில் இருவருடைய விசுவாசமும் ஒரே அளவில், ஒரே வேளையில் எரிவதில்லை. ஒருவர் செபமாலையை விடாமல் பிடித்திருக்கையில் மற்றவர் ஆலயத்துக்குள் வரவே கால் கூசி வெளியே நிற்பார். கணவர் அந்நாட்களில் திருப்பலிக்கு வருவது குறைந்திருந்தது உண்மை. ஆனால் மனைவியின் காயத்துக்குத் துணி மாற்றியவர், வாந்தியைக் கழுவியவர், கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு வயலுக்குப் போனவர் அவரே. திருமண நாளில் நோயிலும் உடனிருப்பேன் என்று பீடத்தின் முன் கொடுத்த வாக்கு இதுவல்லாமல் வேறென்ன?

மருந்தா மன்றாட்டா என்ற கேள்வியை வேதாகமம் எழுப்பவில்லை; எழுப்பியவர்கள் நாம். சீராக் ஆகமத்தின் 38 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வைத்தியனை மதிக்கச் சொல்கிறது. மண்ணிலிருந்து மருந்தை உண்டாக்கியவர் ஆண்டவரே என்கிறது. நோயில் ஆண்டவரை மன்றாடு, வைத்தியனுக்கும் இடங்கொடு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கண்டியில் 1697 இல் பெரியம்மை பரவியபோது, மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடினார்கள். புனித யோசேப் வாஸ் அவர்களிடையே சென்று குடிசை அமைத்து, உணவு கொடுத்து, புண்களைக் கழுவினார். 2015 இல் பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது எம்மில் பலர் அங்கே நின்றோம்.

மார்புப் புற்றுநோயில் சில வகைகளுக்குக் கொடுக்கப்படும் ஹோமோன் மாத்திரையை ஐந்து ஆண்டுகளோ, சிலர் பத்து ஆண்டுகள் வரையிலோ விழுங்க வேண்டும். நோய் இருப்பதால் அல்ல, திரும்பி வராமலிருக்கவே அதைக் கொடுக்கின்றனர். உடல் சூடேறுவது, மூட்டு வலி, மனச்சோர்வு போன்றவை அதனால் வரலாம். அவற்றை வைத்தியரிடம் சொன்னால் வழி காட்டுவார். தாமாக நிறுத்துவது ஆபத்து. நாட்டு மருந்து எடுப்பதாயின் அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

விவசாயக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. மருந்தேற்றும் காலத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அப்போது காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். வயலில் எலிக்காய்ச்சலும் உள்ள பிரதேசம் எமது பிரதேசம் என்பதை மறக்கவேண்டாம். அக்குள் நெறிகளை அகற்றியவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம்; அரிவாள் வெட்டும் முள்ளும் அந்தக் கையில் படாமல் கையுறை போட்டு வேலை செய்வது நல்லது. சொல்லித் தந்த கைப்பயிற்சியையும் விடக்கூடாது. ஆண்களிடையே எம் நாட்டில் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து வாய் திறக்கவே கஷ்டப்படும் ஒருவர் மறுபடி வெற்றிலைத் தட்டை இழுப்பதைக் கண்டிருக்கிறோம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும்.

இன்னொன்று. இந்நோய் தொற்றாது. கரண்ட் பிடித்தவரின் உடலிலிருந்து கதிர் மற்றவர்மேல் பாயும் என்பதும் பொய். வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கும் கதிர் இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும். கோப்பையை வேறாக்கவும், பேரப்பிள்ளையைத் தூக்கவேண்டாம் என்று தடுக்கவும் காரணமே இல்லை. கணவன் மனைவி ஒரே பாயில் படுப்பதற்கும் தடையில்லை. இதைக் குரு எழுதுவதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மார்பை இழந்த மனைவி விளக்கை அணைத்துவிட்டு உடை மாற்றுகிறாள். கணவன் அவளைத் தொட்டால் நோகுமோ என்று தள்ளிப் படுக்கிறான். அவள் அதை வெறுப்பென்று எண்ணுகிறாள். இதைப் பேசாமல் எதை விசுவாச வாழ்வு என்று பேசப்போகிறோம்?

எண்ணெய் கண்டு அழவேண்டாம்

நோயில் பூசுதல் பற்றியும் ஒரு வார்த்தை. சத்திரசிகிச்சைக்கு முன் அந்த அம்மாவுக்குப் பூசுதல் கொடுக்கலாம் என்று நாம் சொன்னபோது, மாமியார் தலையில் கை வைத்து அழத் தொடங்கிவிட்டார். 'அவஸ்தை பூசுதல்' என்ற பழைய பெயர் அவர் மனதில். சாகப் போகிறவருக்கே எண்ணெய் என்று முன்னோர் பழகியிருந்தனர். அதைத் திருத்தி, கடுமையான நோயுற்ற எவருக்கும் இத்திருவருட்சாதனம் உரியது என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972 இல் தெளிவுபடுத்தினார். பெரிய சத்திரசிகிச்சைக்கு முன் பெறலாம். நோய் மறுபடி கடுமையானால் மறுபடியும் பெறலாம். நோயாளி சபையின் மூப்பரை அழைக்கட்டும் என்று யாகப்பர் எழுதியதும் உயிரோடிருந்து அழைக்கக் கூடியவருக்கே. கட்டிலைச் சுற்றிக் கணவனும் பிள்ளைகளும் நின்று சேர்ந்து செபிக்க வேண்டிய நேரம் அது.

காலம் தாழ்த்தாமை பற்றிச் சொல்ல, குழந்தை யேசுவின் புனித தெரேசாவின் தாயார் செலி மார்ட்டினை நினைக்காமல் முடியாது. மார்பில் கட்டி இருப்பதை 1865 லேயே மருந்துக்கடை நடத்திய தம் சகோதரனுக்கு எழுதியவர் அவர். பிள்ளைகளும் சரிகைப் பின்னல் தொழிலுமாக ஆண்டுகள் ஓடின. 1876 இறுதியில் வைத்தியரிடம் போனபோது, சத்திரசிகிச்சை செய்து பயனில்லை என்றார்கள். 1877 ஜூனில் லூர்து நகருக்கு மூன்று மகள்மாரோடு யாத்திரை போனார். சுகம் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் 28 ஆம் திகதி இறந்தார். கணவர் லூயி மார்ட்டின் ஐந்து பெண்பிள்ளைகளையும் வளர்த்தார். 2015 ஒக்டோபரில் இவ்விருவரையும் சேர்த்துப் புனிதராக்கியது திருச்சபை. லூர்தில் சுகம் கிடைக்காத ஒரு பெண்ணைப் புனிதர் என்று பீடத்தில் ஏற்றியிருக்கிறது என்பதை, "உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் சுகமாகவில்லை" என்று நோயாளியிடம் சொல்லுகிறவர்கள் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். அந்தக் காலத்தில் செலிக்குக் கிடைக்காதது எமக்குக் கிடைக்கின்றது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைச் சோதித்துக்கொள்ளக் காசு தேவையில்லை. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்கும் கட்டணமில்லை. வெங்காயம் பிந்திப் பிடுங்கினால் நட்டம் சிறிது.

அந்த அம்மாவின் கேள்விக்கு எமக்கு விடை கிடைத்தது பத்துத் தொழுநோயாளர் பகுதியை மறுபடி வாசித்தபோது. இயேசு அவர்களை உடனே சுகமாக்கி அனுப்பவில்லை. போய்க் குருக்களிடம் உங்களைக் காட்டுங்கள் என்றே அனுப்புகிறார். மோசேயின் சட்டப்படி தொழுநோய் நீங்கியதா என்று சோதித்துச் சொல்பவர் அன்று குருவே. இன்றைய கிளினிக் வைத்தியரின் வேலை அது. போகும் வழியில் சுகம் வருகின்றது. ஒருவன் மட்டும் சோதனை முடியும்வரை காத்திராமல் பாதி வழியிலேயே திரும்பி வந்து நன்றி சொல்கிறான். முதலில் சீட்டை வாங்கி வா, பிறகு நன்றி சொல்லலாம் என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அவன் விசுவாசத்தைப் பாராட்டினார்.

இதை நாம் அவ்வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். முன்பு சொன்ன பதிலுக்கு மன்னிப்பும் கேட்டோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் கணவரைப் பார்த்தார். கணவர், "அப்ப அடுத்த கிளினிக்குக்கு முந்தின ஞாயிறு வைப்பம், சுவாமி. சோதனை முடிவைப் பார்த்து வைச்சால் அது பேரம் பேசின மாதிரி" என்றார். திருப்பலிக் கொப்பியில் நன்றிக் கருத்து என்று எழுதிக்கொண்டோம். வஹகோட்டைக்கு நடப்பது பற்றியும் பேச்சு வந்தது. முழு வழியும் மனைவியால் முடியாது. கடைசித் துண்டை மட்டும் நடக்கலாமா என்று கேட்டார்கள். நடக்கலாம் என்றோம்.

கிளினிக் கொப்பி, நோய்நிர்ணய அட்டை, சத்திரசிகிச்சை அறிக்கை எல்லாவற்றையும் காணி அனுமதிப்பத்திரமும் ஞானஸ்நானப் பத்திரமும் இருக்கும் அதே பொலித்தீன் உறைக்குள் அவர்கள் வைத்திருந்தனர். ஓடி வந்த அனுபவம் உள்ள வீடுகளில் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாத்திரை அட்டை மட்டும் வெளியே, திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே விளக்குத் தட்டில் இருந்தது. இரவுச் செபம் முடிந்ததும் கணவர் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார், அம்மா விழுங்குகிறார். அடுத்த கிளினிக் திகதி சுவரிலுள்ள கலண்டரில் சிவப்பு மையால் வளைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் வெங்காய நாற்று நடும் நாள்.